திருகோணமலைக் கரையில் நீங்கள் கண்டு இன்னும் மனதை விட்டகலாத ஒன்று – அனுபவப் பகிர்வு

வவுனியாக்காரன் எழுதியது:

நிலாவெளியில் படகேறிப் புறாத்தீவுக்குப் போகும் வழி இங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் நேரே விடயத்துக்கு வருகிறேன். இடுப்பளவு நீரில் கண்ணாடி அணிந்து முகத்தைத் தாழ்த்தியிருந்த என் மகளுக்கு முன்னால், செட்டை நுனி கறுத்த சுறாக் குட்டியொன்று எந்த அவசரமுமின்றிக் கடந்து போனது. அவள் பயப்படவில்லை, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேளையில் அருகில் நின்ற ஒருவர் அதைப் படம்பிடிக்க வேண்டுமென்று கைபேசியை உயர்த்தியபடி கிளைவிட்ட பவளமொன்றின் மீது ஏறினார். பவளம் முறியும் ஓசை தண்ணீருக்குள் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். முறிந்த துண்டின் உட்புறம் சுண்ணாம்பாக வெளுத்திருக்க, அவர் அதைக் குனிந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 2003ஆம் ஆண்டிலிருந்து அந்தத் தீவு தேசியப் பூங்காவாக இருக்கிறது. சுறாவைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரியும் என் மகள், அந்த ஓசையைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசுவதில்லை.

மட்டுநகர் மகள் எழுதியது:

எனக்குத் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா. வெந்நீர்க் கிணறுகள் ஏழையும், இராவணன் தன் தாய்க்குச் செய்த ஈமக்கடனோடு அவற்றை இணைக்கும் கதையையும் அறியாதவர் இங்கே இருக்க மாட்டார்கள். நாங்கள் போன அன்று இளைஞர் கூட்டமொன்று எந்தக் கிணறு அதிகம் சுடுகிறது என்று பந்தயம் கட்டி, வாளி வாளியாக ஒருவர் மீது ஒருவர் ஊற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சேலை உடுத்திய ஓர் ஆச்சி இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையை முடித்துவிட்டு, தலை முழுகுவதற்காக வெறும் வாளியோடு ஓரமாகக் காத்து நின்றார். அவரைக் கண்ட ஒரு பையன், தான் வைத்திருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஆச்சி, எந்தக் கிணற்றில அள்ளி வார்க்க?" என்று கேட்டான். "ஏழிலயும் வார், ராசா," என்றார் அவர். நண்பர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, அவன் ஒவ்வொரு கிணறாக அள்ளி, விரல் நுனியால் சூடு பார்த்துப் பார்த்து வார்த்து முடித்தான். பையன் நல்லவன் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஒரு தாய் தன் துக்கத்தைக் கழுவ வரும் இடத்தையும் பிள்ளைகள் கூத்தடிக்கும் இடத்தையும் ஒரே வேலிக்குள் வைத்திருப்பது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

உப்புவெளி வாசி எழுதியது:

முதலில் எழுதிய அண்ணருக்கு ஒரு சொல்: ஒருவர் காலால் முறித்த துண்டைப் பற்றி வருந்துகிறீர்கள், கடல் சூடேறும்போது பவளப்பாறை முழுவதுமே வெளுத்துப் போகிறதே, அதற்கு யாரைக் குற்றஞ்சாட்டுவீர்கள்? கன்னியாவைப் பற்றி எழுதிய தங்கைக்கும் சொல்கிறேன், தீர்த்தம் என்றால் கூட்டமும் கூச்சலும் இருக்கத்தான் செய்யும். என் அனுபவம் சிறியது. உப்புவெளியில் கரைவலை இழுப்பவர்களோடு கயிற்றைப் பிடித்த ஒரு வெளிநாட்டவர், வலை கரையேறியதும் உள்ளே கிடந்த சொறியை, அதாவது ஜெல்லி மீனை, கையால் தூக்கிவிட்டு அலறினார். எங்கள் ஆட்கள் உடனே கடல்நீரை ஊற்றிக் கழுவிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதைவிட, இனி வருபவர்களுக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்வது நல்லது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரையே எங்கள் பக்கக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை தொடங்கிவிட்டால், தென்பகுதிக் கடற்கரைகளில் விடுமுறைக் கூட்டம் நிறைந்திருக்கும் அதே நாட்களில் இங்கே வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். விடுதிக்காரர் தொலைபேசியில் என்ன சொன்னாலும் மார்கழியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். புறாத்தீவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், காற்று எழும்பியபின் தண்ணீர் கலங்கும். நுழைவுச் சீட்டும் படகுக் கூலியும் வேறு வேறு என்பதை ஏறுமுன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். முதுகில் வெயில் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை அணிந்து நீந்துவது உங்களுக்கும் பவளத்துக்கும் நல்லது. நிற்க வேண்டுமென்றால் மணலில் நில்லுங்கள். எங்கள் ஊரவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோட்டை வாசல் எழுதியது:

உப்புவெளி அண்ணரின் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் நானும் இந்த ஊரவன்தான். கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய கோவிலைப் போர்த்துக்கேயர் இடித்து அதன் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டை அது. ஒரு வெள்ளிக்கிழமை, அர்ச்சனைத் தட்டோடு வந்த ஒரு குடும்பம், எங்கள் தெருக் குடும்பம்தான், வாழைப்பழத் தோலைப் பொலித்தீன் பையோடு சேர்த்து மதிலோரம் எறிந்துவிட்டுப் போனது. மானொன்று பையோடு சேர்த்து மெல்லத் தொடங்கியது. கடையில் பூ விற்கும் அக்கா ஓடிப்போய், வெளியே தொங்கிய நுனியைப் பிடித்து இழுத்தார். பாதி விழுங்கப்பட்டிருந்த பை எச்சில் வடிய நீளமாக வெளியே வந்தது. மான் வெருண்டு ஓடியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவோ அந்த அக்காவின் கையையே மோந்துகொண்டு அடுத்த பழத்துக்காக நின்றது. காட்டு விலங்கைத் தெருவில் இரந்து நிற்கும்படி பழக்கிவிட்டவர்கள் கொழும்பிலிருந்து வரும் பயணிகள் மட்டுமல்லர், அண்ணா.

மூதூர்த் தம்பி எழுதியது:

இரண்டு அண்ணர்களும் சண்டையை நிறுத்தினால் என்னுடையதையும் எழுதிவிடுகிறேன். கோணேசர் கோவிலில் உச்சிப்பூசை முடிந்து, இராவணன் வெட்டு என்னும் மலைப்பிளவுக்கு அருகில் தொட்டில்கள் கட்டிய மரத்தடியில் நின்றபோது, கடலில் வெகு தொலைவில் வெண்மையான நீர்த்தூவல் ஒன்று நேராக எழுந்து கலைந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், "நீலத்திமிங்கிலம், தம்பி," என்றார். ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு எங்கள் கரைக்கு மிக அண்மையிலேயே தொடங்குவதால், திமிங்கிலங்களை இங்கே மலையில் நின்றபடியே காண முடிகிறது என்று முன்பு கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டாம் முறை அது மூச்சு விட்டதும், சிதறி நின்ற இயந்திரப் படகுகள் அத்தனையும் அந்த இடத்தை நோக்கிப் பாய்ந்தன. மேலிருந்து பார்க்கையில் படகுகளின் வெண்ணுரைக் கோடுகள் ஒரே புள்ளியில் போய் முட்டின. மூன்றாவது மூச்சுக்காக எவ்வளவோ நேரம் காத்து நின்றோம், அது அந்தப் பக்கம் எழவேயில்லை.

வரும் ஆனியில் அம்மாவைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்ட விரும்புகிறேன். தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் படகுக்காரர் யாரையாவது அறிந்தவர்கள் எனக்குத் தனிமடலில் எழுதுங்கள். கூலி கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.