துணை அதிபர் வேட்பாளரைப் பார்த்து ஓட்டுப் போடலாமா?

கேள்வி:
நானும் என் கணவரும் ஒஹாயோவில் இருக்கிறோம். தன்பால் திருமணத்தை அமெரிக்கா முழுவதும் சட்டப்படி ஏற்ற 2015 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறு வருடம் கல்யாணம். சான்றிதழின் மடிப்புகள் கிழிய ஆரம்பித்துவிட்டன, அவ்வளவு தடவை எடுத்துக் காட்டியிருக்கிறோம். 2016-இல் டிரம்ப் மைக் பென்ஸைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. துணை அதிபருக்கு அதிகாரம் குறைவு, கண்டுகொள்ளாதே என்கிறார்கள் நண்பர்கள். ஓட்டுப் போடும்போது துணை வேட்பாளரையும் நான் பார்ப்பது தவறா?

பதில் 1:
தவறே இல்லை. பென்ஸ் இண்டியானா ஆளுநராக 2015-இல் கையெழுத்திட்ட மத சுதந்திரச் சட்டம் நம்மைப் போன்றவர்களைக் கடையிலிருந்து திருப்பி அனுப்ப வழிவிடும் என்று எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே திருத்தினார்கள். துணை வேட்பாளர் என்பது கட்சி யாரைச் சமாதானப்படுத்துகிறது என்பதற்கான அடையாளம்.

பதில் 2:
அதிகாரம் குறைவுதான், ஆனால் குரல் பெரிது. 2012 மே மாதம், அப்போது துணை அதிபராக இருந்த பைடன் டிவி பேட்டியில் தன்பால் திருமணத்தை ஆதரித்தார். மூன்றே நாளில் அதிபர் ஒபாமாவும் அதையே சொன்னார். செனட்டில் (நாடாளுமன்ற மேலவையில்) ஓட்டுகள் சரிசமமானால் துணை அதிபர் ஓட்டுதான் முடிவு. 2024-இல் கமலா ஹாரிஸின் துணை வேட்பாளராக வந்த டிம் வால்ஸ், 1999-இல் பள்ளி ஆசிரியராக இருந்தபோதே தன்பாலீர்ப்பு மாணவர் குழுவுக்கு வழிகாட்டியாக நின்றவர். அப்போது அதற்குத் துணிச்சல் வேண்டும்.

பதில் 3:
சரி, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். தன்பால் திருமணங்களை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்னும் திருமண மதிப்புச் சட்டம் 2022-இல் செனட்டில் 61-36 என்று நிறைவேறியது. உங்கள் மாநிலத்திலிருந்து அந்த செனட்டுக்குப் போகிறவர்கள் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. இன்றிரவே இருவரும் உட்கார்ந்து பார்க்கிறோம்.