மகன் மிருதங்கத்தை விட்டுவிட்டு உறுமி மேளத்துக்குப் போகிறேன் என்கிறான், விடலாமா?

ஈசூன்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகனுக்கு 14 வயது, உயர்நிலை 2 படிக்கிறான். ஒன்பது வயதிலிருந்து மிருதங்க வகுப்புக்குப் போகிறான். ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நானோ அவன் அப்பாவோ கூட்டிக்கொண்டு போய், வகுப்பு முடியும்வரை கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்போம். பங்குனி உத்திரத்துக்கு இங்கே சிங்கப்பூரில் ஈசூன் முருகன் கோயிலுக்குக் குடும்பமாகப் போனோம். அங்கே ஒரு உறுமி மேளக் குழு வாசித்தது. இவன் அதன் முன்னால் போய் நின்றவன் நின்றவன்தான், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு மேசை, அலமாரிக் கதவு, தங்கையின் பென்சில் பெட்டி எதையும் விடாமல் தட்டுகிறான், ஆனால் மிருதங்கத்தை மட்டும் உறையிலிருந்து எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு நாள் சோறு போடும்போது பார்த்தேன், ஆள்காட்டி விரலில் கயிறு அறுத்த மாதிரி சிவப்பாக ஒரு கோடு. என்னடா இது என்று கேட்டால் கையை இழுத்துக்கொண்டான். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னான், நண்பனோடு சேர்ந்து ஒரு குழுவின் பயிற்சிக்குப் போகிறானாம், ஒரு மாதமாக. குச்சி பிடித்துப் பிடித்து வந்த தழும்பு என்று நினைக்கிறேன்.

என் கணவர் ஒரே வார்த்தையில் "ரவுடிப் பசங்க வேலை" என்று முடித்துவிட்டார். மாமியார் "சாவு மேளம் அடிக்கவா பிள்ளையை வளர்த்தோம்" என்று அழுகிறார். எனக்கு அந்த மாதிரி எண்ணம் இல்லை. ஆனால் யாரோடு சேர்கிறான், எத்தனை மணிக்கு வருகிறான், படிப்பு என்னாகும் என்ற பயம் இருக்கிறது. அதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அன்றைக்குக் கோயிலில் அந்த மேளம் ஏறும்போது எனக்கே உடம்பு சிலிர்த்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படிப்பட்டதை மகனிடம் கெட்டது என்று எந்த வாயால் சொல்வேன்?

இதில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இது முறையாகக் கற்றுக்கொள்ளும் கலையா, இல்லை சும்மா சேர்ந்து அடிப்பதா? மிருதங்கத்தை நிறுத்திவிட்டால் பிறகு வருத்தப்படுவானா?

பழைய_தவில்:

அக்கா, நான் பத்து வருடத்துக்கு மேல் ஒரு குழுவில் தவில் வாசித்தேன். இப்போது எனக்கே இரண்டு பிள்ளைகள், அதனால் உங்கள் பயம் புரிகிறது.

முதலில் இது சும்மா அடிப்பது இல்லை. உறுமிக்கு இரண்டு முகம். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு பக்கத்தில் வளைந்த குச்சியைத் தோல்மேல் அழுத்தித் தேய்ப்பார்கள், அப்போதுதான் அந்த உறுமல் வரும், பேரே அதனால் வந்ததுதான். எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கேற்ப ஒலி ஏறும், இறங்கும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் கீச்சென்று கத்தும், குறைந்தால் ஒன்றுமே வராது. எங்கள் குழுவில் ஒருவன் எட்டு மாதம் தேய்த்த பிறகுதான் ஒழுங்காக ஒரு 'ம்ம்ஊம்' வந்தது, அன்றைக்கு அவனுக்கு எல்லாரும் பரோட்டா வாங்கிக் கொடுத்தோம். கூடவே தவில், பம்பை, தாளம் (கயிறு கட்டிய ஜால்ரா), சில குழுவில் நாதஸ்வரமும் உண்டு. தவிலுக்கு ஒரு கையில் விரல் கூடு, ஒரு கையில் குச்சி. ஏட்டில் எழுதிப் படிப்பது கிடையாது, மூத்தவன் வாயால் சொல்வான், நாங்கள் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கையை வைப்போம்.

ரவுடி விஷயம். மறைக்க மாட்டேன், சண்டை நடந்தது உண்மை. தைப்பூச ஊர்வலத்தில் குழுவுக்குக் குழு மோதிக்கொண்டதால்தான் 1973இல் சாலையில் இசைக் கருவி வாசிக்கக் கூடாது என்று தடை வந்தது. நாங்கள் வாசித்த காலம் முழுக்க அந்தத் தடைக்குள்தான். பெருமாள் கோயிலில் காவடி ஏற்றும்போது ரத்தம் கொதிக்கும், சிராங்கூன் சாலையில் இறங்கியதும் கை சும்மா தொங்கும். வாயால் பாடி, கையைத் தட்டியே டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் காவடியைக் கொண்டுபோவோம். முழு மேளம் வாசிக்க ஆசையாக இருந்தால் பஸ் பிடித்து மலேசியாவில் இருக்கும் பத்துமலைக்குப் போவோம். 2016இல்தான் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. 43 வருடம். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் எம்ஆர்டி ரயிலில் இருந்தேன், இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

சிங்க நடனக் குழுக்களையும் ஒரு காலத்தில் இங்கே குண்டர் கும்பலோடு சேர்த்துத்தான் பேசினார்கள், இப்போது பள்ளிக்கூடங்களிலேயே அது இருக்கிறது. எங்கள் மேளத்தை மட்டும் அந்தப் பழைய பேரோடு விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஆனால் குழுவுக்குக் குழு வித்தியாசம் உண்டு அக்கா. தலைவர் யார் என்று பாருங்கள். பயிற்சி நேரத்தில் சிகரெட், பீர் இருக்கிறதா, பத்து மணிக்குள் விடுகிறார்களா, பரீட்சை நேரத்தில் சின்னப் பையன்களை வராதே என்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். நல்ல தலைவராக இருந்தால் நீங்கள் வருவதை விரும்புவார், முகம் சுளித்தால் உடனே பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சுருதி_டீச்சர்:

நான் வீணை சொல்லித்தருபவள், அதனால் என் பக்கச் சாய்வு உங்களுக்கே தெரியும். உறுமி கூடாது என்று நான் சொல்லவில்லை. மிருதங்கத்தை விடாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

ஐந்து வருடம் என்பது தா தி தொம் நம் என்ற தொடக்கப் பாடத்தைத் தாண்டி, கை தானாகப் பேச ஆரம்பிக்கிற கட்டம். இந்த வயதில் நிறுத்திய எத்தனையோ பிள்ளைகள் முப்பது வயதில் என்னிடம் வந்து மறுபடி தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தொடங்கலாம்தான், ஆனால் விரல் அந்த வேகத்துக்குத் திரும்புவது பெரும்பாடு. திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று, அதாவது மூன்று, ஐந்து, ஏழு எண்ணிக்கையாக நடை மாறும்போது உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிற அந்தப் பழக்கம் எந்த மேளத்துக்குப் போனாலும் அவனுக்குக் கைகொடுக்கும். வகுப்பு அவனுக்குச் சலித்துவிட்டதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் வாத்தியத்தை வெறுப்பதில்லை, தனியாக உட்கார்ந்து வாசிப்பதைத்தான் வெறுக்கிறார்கள். இங்கே மக்கள் கழகத்தின் இந்திய இசைக்குழு மாதிரி சேர்ந்து வாசிக்கும் இடங்களும் இருக்கின்றன.

மாமியார் சொன்ன வார்த்தைக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். நாம் இன்று தலைமேல் வைத்துக் கொண்டாடும் பரதநாட்டியம் சதிர் என்ற பேரில் இருந்தபோது, நல்ல குடும்பத்துப் பெண் ஆடலாமா என்றுதான் ஊர் கேட்டது. ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியது 1936இல், இங்கே கே.பி. பாஸ்கர் நடனப் பள்ளி தொடங்கியது 1952இல். ஒரே தலைமுறைக்குள் அது அரங்கேற்றத்துக்கு மண்டபம் தேடும் கலையாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அதை ஆடிக் காத்த பெண்களுக்கு அந்த மரியாதையில் எவ்வளவு பங்கு கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

உட்லண்ட்ஸ்_மதுரைக்காரன்:

அக்கா, நான் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவன். ஊர் மதுரைக்குப் பக்கம். உங்கள் மாமியாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவர் அந்தக் காலத்து மனுஷி. ஆனால் "சாவு மேளம்" என்ற வார்த்தையைப் படித்ததும் கொஞ்ச நேரம் என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

என் தாத்தா பறை அடித்தவர். ஊரில் யார் இறந்தாலும் ஆள் வரும், உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது. அடித்துவிட்டு வந்தால் கூலி கையில் கிடைக்காது, தள்ளி வைப்பார்கள், குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். என் அப்பா அதனால்தான் அந்தப் பறையைத் தொடவே மாட்டேன் என்று சபதம் எடுத்தார், எங்களையும் தொட விடவில்லை. இன்றைக்கு அதே மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். செய்தியை அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் எதுவும் எழுதவில்லை, ஆனால் அடுத்த நாள் போன் பண்ணி, தாத்தா பறையைக் காய்ச்சும்போது எந்த ஓலையைப் போட்டுத் தீ மூட்டுவார் என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

தோல் கருவி தீட்டு என்று யாராவது வீட்டில் சொன்னால் மிருதங்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். அதிலும் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், இழுத்துக் கட்டிய வார் எருமைத்தோல். அதைச் செய்கிற கைகளும் பெரும்பாலும் எங்கள் மாதிரிக் குடும்பங்களின் கைகள்தான். ஒன்றைப் பூஜை அறையில் வைக்கிறோம், இன்னொன்றை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம்.

நான் இங்கே வந்த புதிதில் தேக்கா பக்கம் ஒரு கோயில் நிகழ்ச்சியில் உறுமி மேளம் பார்த்தேன். எந்த வீட்டுப் பையன் என்று யாரும் கேட்காமல் பத்துப் பதினைந்து பேர் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வாசித்தார்கள். ஊரில் பூம்பூம் மாட்டுக்காரர் தோளில் அந்த உறுமியைப் பார்த்திருக்கிறேன், ஒரு கைப்பிடி அரிசிக்கு வீடு வீடாக நிற்பார். அதே உறுமியை இங்கே பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் பையன் ஆசைப்பட்டது சின்ன விஷயம் இல்லை அக்கா.

கரகம்22:

ஹாய் ஆன்ட்டி, நான் பொண்ணு, தவில் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் பொண்ணுங்க மூன்று பேர்.

நான் சொல்ல வந்தது தமிழைப் பற்றி. எங்கள் வீட்டில் எல்லாரும் இங்கிலீஷ்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழை அதிகம் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு, 2010இல் அது 3.3. அந்தக் குறைந்த கணக்கில் எங்கள் வீடும் ஒன்று. பள்ளியில் தமிழ் என்றால் வாய்மொழித் தேர்வு, கட்டுரை, அவ்வளவுதான். குழுவில் சேர்ந்த பிறகு "குச்சியை எடுடா", "நடையை விடாதே", "மெதுவா ஏத்து" என்று நாள் முழுக்கத் தமிழ், யாரும் திருத்த மாட்டார்கள், மார்க் போட மாட்டார்கள். போன வருடம் பாட்டி மருத்துவமனையில் இருந்தபோது நான் அவரோடு ஒரு மணி நேரம் நிறுத்தாமல் தமிழில் பேசினேன். அந்தத் தமிழ் எனக்கு மேளத்தில் வந்தது.

நீங்கள் ஒரு தடவை பயிற்சிக்குப் போய்ப் பாருங்க ஆன்ட்டி, அங்கிளையும் கூட்டிக்கொண்டு.

ஈசூன்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மதுரைத் தம்பி, உங்கள் பதிலை மாமியாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கூலியைத் தள்ளி வைப்பார்கள் என்ற இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்த வார்த்தை வீட்டில் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்குப் போனோம். கணவரும் வந்தார், ஆனால் உள்ளே வராமல் கதவுக்கு வெளியே நின்றார். தொழிற்பேட்டையில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, மேளத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். தலைவர் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவரே நிறுத்திவிடுவாராம்.

இவன் இன்னும் உறுமியைத் தொடவே இல்லை! இத்தனை நாளும் தாளம்தான் போட்டுக்கொண்டிருக்கிறான். விரலில் இருந்த கோடு அந்தத் தாளத்தின் கயிறு சுற்றியது, நான்தான் குச்சி என்று நினைத்துவிட்டேன். புதுசாக வந்தவன் முதலில் தாளம், அதில் பிசகாமல் நின்றால்தான் அடுத்தது என்றார் தலைவர். வேகம் ஏறும்போது பெரிய பையன்களே கொஞ்சம் முந்தினார்கள், இவன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் ஏதோ முணுமுணுத்தபடி அதே இடத்தில் நின்றான். டீச்சர், அது மிருதங்க வகுப்பில் சொல்லித்தந்த சொல்கட்டு, எனக்கே பாதி மனப்பாடம். ஒருத்தன் திரும்பி "டேய் தம்பி, நீ பிடி, நாங்க வர்றோம்" என்றான்.

இப்போதைக்கு ஞாயிறு மிருதங்கம், சனி இரண்டு மணி நேரம் மேளம், ஒன்பதரைக்குள் வீடு. மகன் ஒத்துக்கொண்டான். கணவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காரில் வரும்போது அந்த அறைக்கு மாத வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.

பழைய தவில் தம்பி, ஒரே ஒரு கேள்வி. அந்தச் சின்ன அறைக்குள் சத்தம் தாங்க முடியவில்லை, வீட்டுக்கு வந்தும் எனக்கு ராத்திரி வரைக்கும் காதுக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் யாரும் காதில் எதுவும் வைக்கவில்லை. தாளம் கேட்கிற மாதிரியும் இருக்க வேண்டும், காதும் கெடக் கூடாது, அப்படிப்பட்ட காதடைப்பான் எதை வாங்குவது? பதினைந்து பேருக்கும் சேர்த்தே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.