ஏர்டெல்லின் கரிம உமிழ்வு உண்மையிலேயே குறைகிறதா? அறிக்கையை எப்படிப் படிப்பது?

சிறுபங்குதாரர்:
அனைவருக்கும் வணக்கம். பாரதி ஏர்டெல் நிறுவனத்தின் சில பங்குகளைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். தன் ஜெனரேட்டர்கள், வாகனங்கள் வழியாக நேரடியாக வெளியாகும் உமிழ்வையும், விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் ஏற்படும் உமிழ்வையும் சேர்த்து, 2020-21 நிதியாண்டின் அளவிலிருந்து 2030-31க்குள் 50.2 சதவீதம் குறைப்பதாக நிறுவனம் உறுதியளித்திருக்கிறது. கருவி விற்பவர்கள் முதலிய பிறர் வழியாக வரும் உமிழ்வுக்கு 42 சதவீதம் என்ற இலக்கும், 2050இல் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியிடும் அளவும் அகற்றும் அளவும் சமமாதல், என்ற இலக்கும் உள்ளன. எனக்கு இரண்டு ஐயங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பலவும் ‘ஒரு டெராபைட் தரவுக்கு இவ்வளவு உமிழ்வு’ என்று ஒரு விகிதத்தைக் காட்டி அது குறைந்ததாகச் சொல்கின்றன. அதை முன்னேற்றம் என்று கொள்ளலாமா? மேலும், ஏர்டெல்லின் அலைக்கருவிகளில் பெரும்பகுதி இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தின் கோபுரங்களில்தானே இருக்கிறது, அங்கே எரியும் டீசல் யாருடைய கணக்கில் சேரும்?

கணக்காய்வர்_கோவை:
முதல் ஐயத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு போதும். தரவுப் பயன்பாடு மூன்று மடங்காகி, உமிழ்வு ஒன்றரை மடங்கானால், டெராபைட்டுக்கான விகிதம் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் காற்றில் கலந்த கரியமில வாயுவோ முன்பைவிட 50 சதவீதம் கூடுதலாக இருக்கும். இந்தியாவில் கைபேசித் தரவு வளர்ந்த வேகத்தில், எதுவுமே செய்யாத நிறுவனத்துக்கும் அந்த விகிதம் இறங்கியிருக்கும். நீங்கள் குறிப்பிட்ட 50.2 சதவீதம் மொத்த டன் அளவின் மீதான உறுதி என்பதால், டன் கணக்கை மட்டுமே அதனுடன் ஒப்பிட வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி கட்டாயமாக அளிக்கும் பொறுப்புணர்வு அறிக்கையில், சுற்றுச்சூழல் குறித்த ஆறாவது கோட்பாட்டின் கீழ் அந்த எண்கள் இருக்கும்.

இரண்டாவது ஐயம்தான் முக்கியமானது என்பது என் கருத்து. இண்டஸ் டவர்ஸ் 2024 நவம்பரில் ஏர்டெல்லின் துணை நிறுவனமாகிவிட்டது. செபி அறிக்கையின் தொடக்கத்திலேயே, எண்கள் தனி நிறுவனத்துக்கு உரியவையா, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா என்று சொல்லியாக வேண்டும். தனிக் கணக்கானால் துணை நிறுவனம் எரிக்கும் டீசல் நேரடி உமிழ்வில் வராது. ஒருங்கிணைந்த கணக்கானால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கோபுரங்களின் டீசல் உள்ளே வந்துவிடும். இத்தகைய பெரிய மாற்றம் நேரும்போது ஒப்பீட்டுக்குத் தொடக்கமான அடிப்படை ஆண்டின் (இங்கே 2020-21) அளவையும் திருத்திக் கணக்கிட வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் பசுங்குடில் வாயுக் கணக்கு நெறி. அந்தத் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் இரண்டு ஆண்டுகளின் எண்களை அருகருகே வைத்தால் தவறான முடிவுக்கே வருவோம்.

கோபுரப்_பராமரிப்பு:
கோபுரங்களின் மின் அமைப்பைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. முழுச் சுமையில் ஓடும் ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் தரும். ஆனால் கோபுரத்தின் தேவை சில கிலோவாட்தான், அங்கே நிற்கும் ஜெனரேட்டரோ அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே குறைந்த சுமையில் ஓடி, அதே லிட்டருக்கு மிகக் குறைவான மின்சாரத்தையே தருகிறது. பழைய ஈய அமில பேட்டரிகள் மெதுவாகச் சார்ஜ் ஏறும், அடிக்கடி அடிவரை இறங்கினால் விரைவில் கெட்டுப்போகும் என்பதால், சிறிய மின்வெட்டுக்குக்கூட ஜெனரேட்டரை ஓட்ட வேண்டியிருந்தது. லித்தியம் அயனி பேட்டரி வந்த இடங்களில் இரண்டு மின்வெட்டுகளுக்கு இடையிலேயே சார்ஜ் ஏறிவிடுவதால் அந்தத் தேவை பெரிதும் குறைந்திருக்கிறது. குளிரூட்டிய அறைக்குள் இருந்த கருவிகளை வெளிப்புறப் பெட்டிகளுக்கு மாற்றியதில் ஏ.சி.க்கான மின்சாரம் முழுவதுமாக மிச்சம். ஏர்டெல் 3ஜி சேவையை நிறுத்தி அந்த அலைவரிசையை 4ஜிக்குக் கொடுத்ததும் ஓர் அடுக்குக் கருவிகளைக் குறைத்தது. 5ஜி வந்தபின் அந்தச் சுமை வேறு வடிவில் திரும்பியிருக்கிறது.

டீசலை ஒழித்துவிட்டாலே வேலை முடிந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டு மின்தொகுப்பில் நிலக்கரியே பெரும்பங்கு என்பதால், அங்கிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு கணக்காகிறது. தொலைத்தொடர்புத் துறை 2012 ஜனவரியிலேயே, 2015க்குள் ஊரகக் கோபுரங்களில் 50 சதவீதமும் நகர்ப்புறக் கோபுரங்களில் 20 சதவீதமும், 2020க்குள் முறையே 75 சதவீதமும் 33 சதவீதமும், புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் மின்தொகுப்பும் கலந்த முறையில் இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவை அப்போதே முழு மனத்துடன் நிறைவேற்றியிருந்தால் இன்று இந்தக் கேள்வியே வேறாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

காற்றாலை_மாணவி:
கோவை நண்பரிடம் ஒரு சிறு கருத்து வேறுபாடு. விகிதத்தை முற்றிலும் ஒதுக்க வேண்டாம். டெராபைட்டுக்குப் பதிலாக ஒரு கோபுரத்துக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் என்று கேட்டால், பராமரிப்பு நண்பர் சொன்ன மாற்றங்களெல்லாம் அந்த எண்ணில் தெரியவரும்.

தரவு மையங்களையும் கோபுரங்களையும் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். ஏர்டெல்லின் தரவு மையப் பிரிவான நெக்ஸ்ட்ரா, 100 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு உறுதிகூறும் ஆர்.இ.100 கூட்டமைப்பில் 2024இல் சேர்ந்தது. ஒரே வளாகத்தில் பல மெகாவாட் தேவைப்படும் தரவு மையம், காற்றாலை அல்லது சூரிய மின் நிலையத்துடன் நேரடி ஒப்பந்தம் செய்துகொள்வது எளிது. கோபுரங்களுக்கு அது எளிதன்று. பசுமை மின்சாரத்தை, உள்ளூர் மின்வாரியத்திடம் அன்றி விரும்பிய உற்பத்தியாளரிடமிருந்து பெறும் திறந்த அணுகல் முறையில் வாங்குவதற்கான குறைந்தபட்சத் தேவையை 2022 விதிகள் ஒரு மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தபோதும், தனியொரு கோபுரம் அந்த அளவை எட்டாது. ஒரே மின் கோட்டத்துக்குள் இருக்கும் பல இணைப்புகளைச் சேர்த்துக் காட்டினால்தான் வழியுண்டு. தரவு மையங்களைப் பற்றிய நல்ல செய்தியை முழு வலையமைப்புக்கும் பொருத்திவிடாதீர்கள்.

சிறுபங்குதாரர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பங்குதாரர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இவற்றைக் கேட்க எண்ணுகிறேன்: எண்கள் தனிக் கணக்கா ஒருங்கிணைந்ததா, இண்டஸ் இணைந்தபின் அடிப்படை ஆண்டு திருத்தப்பட்டதா, ஒரு கோபுரத்துக்கு ஆண்டுக்கு எத்தனை லிட்டர் டீசல் செலவாகிறது.

கணக்காய்வர்_கோவை:
நல்ல கேள்விகள். கூட்டம் காணொளி வழியே நடக்குமானால் அன்று கையுயர்த்திப் பேச இயலாது. கூட்ட அறிவிப்பில் குறிப்பிடும் நாளுக்குள் பேச்சாளராகப் பதிவு செய்ய வேண்டும். கேள்விகளை எழுத்திலும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், லிட்டர் கணக்கை அந்த இடத்திலேயே கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.