புதுப்பிப்பு: மகனின் துணி கறுத்த காரணம் தெரிந்துவிட்டது

எட்டு மாத மகன் நனைத்த வெள்ளைத் துணி சில மணி நேரத்தில் கறுத்துவிடுகிறதே என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். சோப்பை மாற்றச் சொன்னீர்கள். மாற்றியும் கறை போகவில்லை.

சிறுநீர்ப் பரிசோதனையில் விடை கிடைத்தது: அல்கப்டோனூரியா என்ற நோய். புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடல் சிதைக்கும் வழியில் ஒரு நொதி வேலை செய்யாததால் ஹோமோஜென்டிசிக் அமிலம் தேங்கிச் சிறுநீரில் இறங்குகிறது. காற்றுப் பட்டதும் கறுக்கிறது. இது பரம்பரையாக வருவது என்பதை ஆர்ச்சிபால்ட் காரோட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1902-லேயே விளக்கியிருக்கிறார்.

நான் அத்தை மகனை மணந்தவள். பழுதான மரபணு இருவரிடமும் ஒவ்வொன்று இருந்திருக்கிறது. கேட்டதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் தொல்லை இராது. முப்பதுக்கு மேல்தான் முதுகும் மூட்டுகளும் தேயும். அந்த அமிலம் உருவாவதைக் குறைக்கும் நிடிசினோன் மருந்தை இந்த நோயுள்ள பெரியவர்களுக்குத் தர ஐரோப்பாவில் 2020-இல் அனுமதி கிடைத்திருப்பது பெரிய ஆறுதல்.

மூத்தவளின் துணி கறுத்ததே இல்லை. ஆனாலும் நாளை அவளுக்கும் பரிசோதனை.