பிரான்ட்ஃபோர்ட் வதிவிடப் பாடசாலையில் கேட்டவை

கனடாவின் பூர்வகுடி மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை அவர்கள் வாயாலேயே கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள் என்று இங்கே கேட்கப்பட்டிருந்தது. ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபோர்ட் நகரிலுள்ள பழைய மோஹாக் வதிவிடப் பாடசாலையைப் பார்க்கச் சென்ற தமிழ்க் குழுவொன்றில் நானும் இருந்தேன்.

எங்களை அழைத்துச் சென்ற பெண்மணியின் தாயார் அங்கே படித்தவர். 1830களிலிருந்து 1970 வரை, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் இங்கே தங்கவைக்கப்பட்டு, தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாதி நாள் வகுப்பிலும் மீதி நாள் பண்ணையிலும் சலவைக்கூடத்திலும் வேலை வாங்கப்பட்டார்கள். வேளைக்கு வேளை ஓட்ஸ் கூழே கிடைத்தது; கண்ணெதிரே காய்த்துக் கிடந்த அப்பிள் தோட்டத்தில் ஒரு பழம் பறித்தாலும் அடி விழும். கொதிகலன் அறையின் முன் நின்றபோது அவர் குரலைத் தாழ்த்தவில்லை. இயந்திர இரைச்சலில் அலறல் வெளியே கேட்காது என்பதால்தான் பிள்ளைகள் மீதான வன்கொடுமைகளுக்கு அந்த இடம் பயன்பட்டது என்று நேராகவே சொன்னார். கட்டடத்தின் பின்புறச் செங்கற்களில் பிள்ளைகள் கீறிவைத்த பெயர்கள் இன்றும் தெரிகின்றன. முந்தைய கட்டடத்தை 1903இல் மாணவர்களே தீயிட்டு எரித்தார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிறு பெருமிதம் இருந்ததாகவே எனக்குப் பட்டது. மறு ஆண்டு எழுப்பப்பட்டதுதான் இப்போது நிற்கும் கட்டடம். பின்னாளில் கூரை ஒழுகிப் பெருஞ்சேதம் ஏற்பட்டபோது, இதை இடித்துவிடலாமா என்று மோஹாக் உள்ளிட்ட ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்பான ஆறு தேசங்கள் சமூகத்தாரிடம் கேட்கப்பட்டது. இடிக்க வேண்டாம், சான்றாக நிற்கட்டும் என்றே மிகப் பெரும்பாலானோர் விடையளித்தார்கள்.

எங்களோடு வந்த வன்னிப் பெரியவர் ஒருவர் அதுவரை வாய் திறக்கவில்லை. "பிள்ளையளைப் பிரிச்சது சரி, காணிக்கு என்ன நடந்தது அம்மா?" என்றார். அவருடைய மகன் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்மணி, எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்றார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரித்தானியருக்குத் துணைநின்றதற்காக, கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு, ஏறத்தாழ 9,50,000 ஏக்கர் நிலம் 1784இல் ஆறு தேசங்கள் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. இன்று அவர்கள் கையில் எஞ்சியிருப்பது அதில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. விற்கப்பட்ட நிலத்துக்கும் அதன் பணத்துக்கும் கணக்குக் கேட்டு 1995இல் அரசின்மீது வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்.

அங்கே எங்களில் சிலர், இலங்கையில் எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது என்று சொல்லத் தொடங்கினார்கள். அதில் பொய்யில்லை. ஆனாலும் பாதிக்கப்பட்டவர் பேசிக்கொண்டிருக்கும்போது நம் கதையைக் குறுக்கே வைப்பது, செத்த வீட்டுக்குப் போய் நம் வீட்டு இழவைச் சொல்லி அழுவதைப் போன்றது. மேலும் நாம் இங்கே வெறும் சாட்சிகளும் அல்லர். ரொறன்ரோவின் விலைக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் நம்மவர்கள் வீடு வாங்கிச் செல்லும் கிச்சனர், கேம்பிரிட்ஜ், பிரான்ட்ஃபோர்ட் எல்லாமே அந்த ஆற்றங்கரை நிலத்தில் எழுந்த நகரங்கள்.

வதிவிடப் பாடசாலைக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 கோரிக்கைகளில் கடைசி இரண்டும் நம்மைப் போன்ற குடியேறிகளைப் பற்றியவை. அவற்றுள் ஒன்றின்படி குடியுரிமை உறுதிமொழி 2021இல் திருத்தப்பட்டு, பூர்வகுடிகளின் உரிமைகளும் உடன்படிக்கைகளும் அதில் சேர்க்கப்பட்டன. எங்கள் குழுவில் பெரும்பாலானோர் அதற்கு முன்பே உறுதிமொழி எடுத்தவர்கள். குடியுரிமைத் தேர்வுக்கு அவர்கள் படித்த வழிகாட்டி நூலில் பூர்வகுடிகளைப் பற்றி என்ன இருந்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை.

பெரியவரின் மகனுக்கும் வீடு கேம்பிரிட்ஜில்தான். திரும்பும் வழியில், அந்தக் காணியை முதன்முதலில் யார் யாருக்கு விற்றார்கள் என்று வீட்டின் உறுதிப்பத்திரத்தில் எழுதியிருக்குமா என்று பெரியவர் கேட்டுக்கொண்டே வந்தார். வீடு வாங்கியபோது எழுத்து வேலையைப் பார்த்த வழக்கறிஞரிடம் விசாரித்துச் சொல்வதாக மகன் கூறினார்.