லண்டன் – நியூயார்க்: தொலைவு ஒன்றே, பறக்கும் நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

கேள்வி: இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 5,570 கிலோமீட்டர். நியூயார்க் செல்ல சுமார் 8 மணி நேரமும், திரும்பி வர 7 மணி நேரமும் ஆவது ஏன்?

பதில் 1: சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரைந்து வீசும் காற்றோட்டமே காரணம். லண்டன் திரும்பும் விமானத்தை அது பின்னிருந்து தள்ளுகிறது. எதிர்த்திசையில் அதே காற்று வேகத்தைக் குறைக்கிறது. 2020 பிப்ரவரியில் புயற்காற்றின் துணையால் ஒரு பயணிகள் விமானம் 5 மணி நேரத்துக்குள்ளாகவே லண்டனை அடைந்தது வியப்புக்குரியது.

பதில் 2: உலக உருண்டையின் மீது இவ்விரு நகரங்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது வடக்கே வளைந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு அருகே செல்லும். நீங்கள் சொன்ன தொலைவு அந்த நூலின் நீளமே.

பதில் 3: பயணச்சீட்டில் அச்சிடப்படுவது அந்தந்த ஊர் நேரம் என்பதால், வழக்கமான 5 மணி நேர வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளுங்கள்.