ஊர் குரூப்புல எம்எல்ஏ மெசேஜ்: அத்திக்கடவு தண்ணியும் நம்ம கிழக்குக் குட்டையும்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

எம்எல்ஏ ஆபீஸ் தம்பி: எல்லாருக்கும் வணக்கமுங்க 🙏 எம்எல்ஏ அண்ணன் சொன்னத அப்படியே போடறேன், படிச்சுட்டு சந்தேகம் இருந்தா இங்கயே கேளுங்க

எம்எல்ஏ ஆபீஸ் தம்பி: "தொகுதி சொந்தங்களுக்கு வணக்கம். பவானி ஆத்து உபரித் தண்ணிய நம்ம பக்கத்துக் குளம் குட்டைக்குக் கொண்டு வர்ற அத்திக்கடவு அவினாசி திட்டம் தொடங்கி வர்ற 17ஆம் தேதியோட ஒரு வருசம் ஆகுது. 1,916 கோடி செலவு, கோவை திருப்பூர் ஈரோடு மூணு மாவட்டத்துலயும் சேர்த்து 1,045 குளம் குட்டை, 24,468 ஏக்கருக்குப் பலன். உங்க ஊர் பெரிய குளத்துக்கும் தண்ணி வந்துச்சு. 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை உங்க ஊராட்சியில 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம், 15 துறை 46 சேவை, மகளிர் உரிமைத்தொகை விடுபட்டவங்க அங்கயே மனு குடுக்கலாம். ரேசன் கடை புதுக் கட்டடத்துக்கு தொகுதி மேம்பாட்டு நிதியில பரிந்துரை குடுத்திருக்கேன். அமெரிக்கா வரியால பனியன் தொழிலுக்கு வர்ற சிரமத்த அரசு கவனத்துக்குக் கொண்டு போறேன். 15ஆம் தேதி கிராம சபைக்கு எல்லாரும் வாங்க."

மளிகைக்கடை அண்ணா: 👏👏 ரேசன் கடை விசயம் நல்ல சேதி. மழை வந்தா அரிசி மூட்டை எல்லாம் ஈரம் ஆகுது

மேக்கால வீட்டு அக்கா: தம்பி உரிமைத்தொகைக்கு போன தடவ எங்களுக்கு வரல, டிராக்டர் இருக்குதுன்னு தள்ளிட்டாங்க, இப்ப அந்த டிராக்டர வித்தாச்சு, மறுபடி குடுக்கலாமுங்களா

எம்எல்ஏ ஆபீஸ் தம்பி: குடுங்கக்கா. வித்துட்டா ஆர்சி பேர் மாத்தின பேப்பர கையில வெச்சுக்குங்க. ரேசன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், கரண்ட் பில் எடுத்துட்டு வாங்க. பாரம் முகாம்ல மட்டும்தான் குடுப்பாங்க, வெளில யாராச்சும் பாரம் விக்கறேன்னு வந்தா வாங்காதீங்க

டீச்சர் அக்கா: கரண்ட் பில் பாத்துக்கோங்க எல்லாரும், வருசத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல போனா தள்ளிருவாங்க. குடும்ப வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள, நிலம் நஞ்சைனா 5 ஏக்கர் புஞ்சைனா 10 ஏக்கருக்குள்ள. மனு குடுத்துட்டு ரசீது கேட்டு வாங்குங்க, 45 நாளைக்குள்ள பதில் சொல்லோணும்

பனியன் கம்பெனி தம்பி: வரி பத்தி ஒரு வரில முடிச்சுட்டாரே. 7ந் தேதில இருந்து 25 சதவீதம், 27ந் தேதில இருந்து இன்னொரு 25ங்கறாங்க. எங்க கம்பெனில பாதிக்கு மேல அமெரிக்கா ஆர்டர் தான், பையர் அனுப்பாதீங்க கொஞ்சம் பொறுங்கன்னு மெயில் போட்டிருக்கான், ஓவர்டைம் நின்னு போச்சு, வாரச் சம்பளத்துக்காரங்க நாங்க என்ன பண்றது

டீச்சர் அக்கா: தம்பி உன் கஷ்டம் புரியுது. ஆனா வரி பேசறது டெல்லி வேலை, வெளிநாட்டு வியாபாரம் மத்திய அரசு கையில இருக்கறது. எம்எல்ஏ சட்டசபைல பேசலாம், முதலமைச்சர் மூலமா கடிதம் போக வெக்கலாம். அத எம்பி கிட்டயும் கேக்கோணும், பார்லிமெண்ட்ல பேச வேண்டியவர் அவரு. மாநிலத்து கிட்ட கேக்கறதா இருந்தா கரண்ட் கட்டணம், சின்ன கம்பெனிகளுக்கு உதவி, அந்த மாதிரி கேளு, அது இங்க முடிவாகற விசயம்

பனியன் கம்பெனி தம்பி: சரிங்கக்கா. ரெண்டு பேருக்கும் எழுதறோம், கம்பெனில கையெழுத்து வாங்கறேன்

தோட்டத்து மாமா: வணக்கம். நான் தண்ணி பத்தி சொல்லோணும். பெரிய குளத்துக்கு தண்ணி வந்தப்ப நான் கரையில போயி நின்னு பாத்தேன், குழாய்ல இருந்து கொட்டறதப் பாக்க எங்கப்பாரு இல்லையேன்னு இருந்துச்சு. அவரு காலத்துல இருந்து கேட்ட திட்டம் இது, 60 வருசத்துக்கு மேல. 2016ல அவினாசில உண்ணாவிரதம் இருந்தாங்களே அப்ப நம்ம ஊர்லருந்தும் ஆள் போச்சு. 2019ல அடிக்கல் நாட்டி 2024ல தண்ணி விட்டாங்க, ரெண்டு ஆட்சிக்கும் இதுல பங்கு இருக்குது, அத நான் மறுக்கல. குளத்த ஒட்டி இருக்கற கெணத்துல எல்லாம் இப்ப தண்ணி ஏறி நிக்குது

தோட்டத்து மாமா: ஆனா நம்ம கிழக்குக் குட்டை அந்த 1,045ல இல்ல. கிழக்க இருக்கற தோட்டமெல்லாம் இன்னும் ஆயிரம் அடி போரு ஓட்டிட்டுதான் இருக்கறோம். எம்எல்ஏ எழுதினதுல அதப் பத்தி ஒரு பேச்சும் இல்லையே தம்பி

மேக்கால வீட்டு அக்கா: ஆமாங்க மாமா, மாட்டுக்குக் கூட தண்ணி இல்ல அங்க

எம்எல்ஏ ஆபீஸ் தம்பி: மாமா நீங்க கேக்கறது நியாயமுங்க. விடுபட்ட குளம் குட்டைய எல்லாம் சேர்த்து ரெண்டாவது கட்டம் வேணும்னு பல ஊர்ல இருந்தும் கேட்டுட்டு இருக்காங்க. அண்ணனும் அதப் பேசறாரு. ஆனா வாய்ல சொன்னா நிக்காதுங்க, ஊராட்சித் தீர்மானமா வந்தா அதக் கையில வெச்சு சட்டசபைல கேக்கலாம், மந்திரிய பாக்கலாம்

தறிக்காரர்: தண்ணி ஏன் வருசம் பூரா வர்றதில்ல? அத யாராச்சும் சொல்லுங்க, ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க

டீச்சர் அக்கா: அது பவானி ஆத்துல காலிங்கராயன் அணைக்கட்டத் தாண்டி உபரியா போற தண்ணிங்க. வருசத்துக்கு ஒன்றரை டிஎம்சி, ஒரு நொடிக்கு 250 கன அடின்னு 70 நாள் எடுக்கற கணக்கு. ஆத்துல உபரி இருந்தாத்தான் பவானில மோட்டார் ஓடும், அங்கிருந்து நல்லாகவுண்டன்பாளையம் திருவாச்சி போலநாயக்கன்பாளையம் எம்மாம்பூண்டி அன்னூர்னு, பவானியோட சேத்து ஆறு நீரேற்று நிலையம் மூலமா மேட்டுக்கு ஏத்திட்டு வர்றாங்க. அந்த 1,045ல பொதுப்பணித்துறை ஏரி 32, ஒன்றியத்துக் குளம் 42, மிச்சம் 971ம் குட்டைங்க. அதனால குட்டைன்னா சின்னது சேக்க முடியாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, திட்டமே பெரும்பாலும் குட்டைக்குத்தான்

தோட்டத்து மாமா: இது எனக்கே தெரியாது அம்மிணி. 971 குட்டைய சேத்தவங்களுக்கு நம்மளது ஒண்ணு பாரமில்ல

தறிக்காரர்: அப்ப 15ந் தேதி கிராம சபைல தீர்மானம் போட்டுருவோம். ஆனா தலைவர் இல்லையே இப்ப?

டீச்சர் அக்கா: ஜனவரி 5ஓட ஊராட்சித் தலைவர் வார்டு மெம்பர் பதவிக்காலம் எல்லாம் முடிஞ்சுது, இப்ப தனி அலுவலர்தான், நம்ம வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ). அதனாலதான் தெரு விளக்கு எரியலைன்னாலும் எல்லாரும் எம்எல்ஏ ஆபீசுக்கு போன் பண்றோம், பாவம் அந்தத் தம்பி. தலைவர் இல்லைன்னாலும் கிராம சபைக்கு அதிகாரம் அப்படியேதான் இருக்குது, நாம போயி உக்காந்து கேட்டாத்தான். நம்ம ஊராட்சி 3,000 பேருக்குள்ள, 100 பேராச்சும் இருக்கோணும், இல்லைனா கோரம் இல்லைன்னு கூட்டமே செல்லாது. போன தடவ மாதிரி இருபது பேர் வந்தா ஒண்ணும் ஆகாதுங்க

மளிகைக்கடை அண்ணா: நான் அன்னைக்கு 12 மணி வரைக்கும் கடைய சாத்திர்றேன். கடைக்கு வர்றவங்க கிட்டயும் சொல்றேன்

டீச்சர் அக்கா: ரொம்ப நன்றிங்கண்ணா 🙏 தீர்மானத்துல "கிழக்குக் குட்டைக்கு தண்ணி வேணும்" னு மட்டும் எழுதினா பைல்ல தூங்கிரும். குட்டையோட சர்வே நம்பர், பரப்பு, எத்தனை தோட்டத்துக்குப் பலன், பெரிய குளத்துக்கு வர்ற குழாய்ல இருந்து எவ்வளவு தூரம், இவ்வளவும் எழுதோணும். சர்வே நம்பருக்கு அ-பதிவேடு (நில விவரப் பதிவேடு) நகல் ஆன்லைன்லயே எடுத்துக்கலாம், நான் எடுக்கறேன். தூரம் மட்டும் யாராச்சும் அளந்து சொல்லுங்க

தறிக்காரர்: நான் அளக்கறேங்க, நாளைக்கு வெடியால போயிர்றேன்

தோட்டத்து மாமா: குட்டைக்குள்ள சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்குது, வாய்க்காலும் தூந்து போச்சு. தண்ணி கேக்கறவங்க குட்டைய இப்படியா வெச்சிருக்கறதுன்னு ஆபீசர் கேட்டா நமக்குத்தான் அசிங்கம். நூறு நாள் வேலைல சேத்து எடுக்கச் சொல்லோணும், 336 ரூபா கூலி நம்ம சனத்துக்கும் கெடைக்கும்

டீச்சர் அக்கா: அருமையான யோசனை மாமா, அதையும் ரெண்டாவது தீர்மானமா வெச்சுக்கலாம். வண்டல் மண்ணு போன வருசத்துல இருந்து தாசில்தார் அனுமதியிலயே இலவசமா எடுத்துக்கலாம், தோட்டத்துக்கு வேணுங்கறவங்க சிட்டாவோட மனு போடுங்க. வண்டி வாடகை மட்டும் நம்மளது

மேக்கால வீட்டு அக்கா: எங்க தோட்டத்துக்கு வேணும். மாமா உங்க கூடவே நாங்களும் மனு போட்டுர்றோம்

மளிகைக்கடை அண்ணா: ரேசன் கடை எப்ப ஆரம்பிப்பாங்க தம்பி? எம்எல்ஏவுக்கு வருசத்துக்கு 3 கோடி நிதி இருக்குதாமா, நம்ம கட்டடம் அதுல தானுங்களே

எம்எல்ஏ ஆபீஸ் தம்பி: ஆமாங்கண்ணா அதுலதான். அண்ணன் பரிந்துரை மட்டும்தான் பண்ண முடியும், கலெக்டர் நிர்வாக அனுமதி குடுக்கோணும், அப்பறம் ஒன்றியத்துல டெண்டர். பரிந்துரை போயிருச்சு, அனுமதி வந்ததும் இங்கயே ஆர்டர் போட்டோ போடறேன். தேதி இப்பவே சொன்னா பொய்யாப் போயிரும்

தறிக்காரர்: தேதி சொல்லி ஏமாத்தறதுக்கு இப்படி ஒடச்சு சொல்றது மேல் தம்பி 👍

டீச்சர் அக்கா: தம்பி இன்னொரு விசயம் எம்எல்ஏ அண்ணன்கிட்ட சொல்லு. இந்த மாதிரி மாசாமாசம் போடறது ரொம்ப நல்லது, எங்களுக்கு பேப்பர்ல வராத சேதி இது. ஆனா அடுத்த மாசம் போடறப்ப போன மாசம் சொன்னது எந்த நெலமைல இருக்குதுன்னும் சேத்துப் போடச் சொல்லு, ரேசன் கடை பைல் எங்க இருக்குது, குட்டை மனு யார் மேசைல இருக்குதுன்னு. ஆகலைன்னாலும் ஆகலைன்னே எழுதட்டும், நாங்க கோவிச்சுக்க மாட்டோம், அடுத்து எந்த ஆபீசுக்குப் போறதுன்னாச்சும் தெரியும்ல

எம்எல்ஏ ஆபீஸ் தம்பி: கண்டிப்பா சொல்றேங்கக்கா. தீர்மான நகல் எனக்கு ஒண்ணு குடுங்க, அண்ணன் கடிதத்தோட சேத்து அனுப்பிர்றோம். 18ந் தேதி திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள், நீங்களும் நாலு பேர் நேர்ல வந்து குடுத்துட்டா ரசீது உங்க கைக்கே வந்துரும்

தோட்டத்து மாமா: நான் வர்றேன். கிழக்கால தோட்டத்துக்காரங்க ரெண்டு பேர கூட்டிட்டு வர்றேன்

டீச்சர் அக்கா: நானும் லீவு போட்டுட்டு வர்றேன். 15ந் தேதி காலைல 11 மணி, பள்ளிக்கூடத்துல. தூரம் அளந்ததும் இங்க போடுங்க தறிக்காரரே, ராத்திரியே டைப் பண்ணிர்றேன்